எடுத்துக் கொடுத்தவர்

மோகனூரில் அவரை அறியாதவர்கள் குறைவு. ஆகவே பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் ஓசூரில் மகள் வீட்டிலிருந்து அவர் ஃபோன் செய்து, நான் விட்டுவிட்ட வாக்கியங்களை எல்லாம் சொல்லி முடிப்பார். எழுதாவிட்டாலும் செய்வார் என்றுதான் நினைக்கிறேன்.

பத்திரம் எழுதுவது அவர் தொழில். மாசித் திருவிழாவின்போது ஆற்றங்கரைத் திடலில் நடக்கும் ராஜா நாடகத்துக்கு அவர்தான் பிராம்ட்டர். மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். அது வருடத்துக்கு ஒரு மாலை. மற்ற நாட்களில் ஊரில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பார்.

நான் அங்கே தாசில்தாராக இருந்தபோது, ஒரு பட்டா விசாரணையில்தான் முதலில் அவர் குரலைக் கேட்டேன். முகம் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் தம்பி இருவருக்குள் நிலத் தகராறு. அண்ணனைக் கேட்டேன், “இதில் உங்கள் தம்பிக்குப் பங்கு உண்டா?” அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தபடி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னல் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது.

“இல்லைங்க, அப்பவே பிரிச்சாச்சுங்க.”

“ஆமாங்க, அப்பவே பிரிச்சாச்சுங்க” என்றார் அண்ணன், பெரிய பாரம் இறங்கியவர்போல.

தம்பியைக் கேட்டேன். அவரும் மின்விசிறியைப் பார்த்தார். அதே குரல்.

“பிரிச்சது வாஸ்தவங்க. ஆனா கெணறு பொதுங்க.”

“ஆமாங்க, கெணறு பொதுங்க” என்றார் தம்பி.

நான் பேனாவை மூடினேன். சாட்சிக்கு விடை தோன்றும்படி கேள்வி கேட்பதற்கே சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. விடையையே சொல்லிவிடுபவரைப் பற்றி நான் படித்த எந்தக் கையேட்டிலும் ஒன்றும் இல்லை. அப்படி ஒருவர் இருப்பார் என்று அவற்றை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. ஜன்னலோரம் நின்றவரைக் கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டை, காதில் பேனா, பயமே இல்லாத முகம்.

“நீங்க யார் தரப்பு?”

“தரப்பெல்லாம் இல்லீங்க சார். அவங்க நின்னுட்டாங்க. அதானுங்க.”

அவரைப் பற்றி நான் பின்னால் தெரிந்துகொண்டது எல்லாம் இந்த வாக்கியத்துக்குள் அடங்கும். பேச்சு நின்றுவிட்டால் அவருக்குப் பொறுக்காது. ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் சிலர் இறங்கித் தள்ளப் போய்விடுவார்கள் அல்லவா, யார் வண்டி, எங்கே போகிறது என்று கேட்கமாட்டார்கள். அந்த ஜாதி. அண்ணனும் தம்பியும் அன்று மதியமே கிணற்றில் முறை வைத்துக்கொண்டார்கள். நான் எழுத வேண்டிய உத்தரவு பாதியாகக் குறைந்தது. அதிகாரியாக அவரைக் கண்டித்தேன். மனிதனாகக் கொஞ்சம் நன்றி சொல்லியிருக்கலாம்.

அவர் எழுதும் பத்திரங்களிலும் இதே குணம்தான். முற்றுப்புள்ளி என்ற ஒன்று இருப்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. “எவ்வித ஆட்சேபணையும் இன்றிப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்” என்று தொடங்கினால் மூன்றாம் பக்கம் முடியும்வரை மூச்சு விடமாட்டார். கேட்டதற்கு, “நடுவுல நிறுத்துனா, அந்தச் சந்துல எவனாச்சும் பூந்துக்குவானுங்க சார்” என்றார். நிலம் விஷயத்தில் இதைவிட நல்ல சட்ட அறிவுரை நானும் கேட்டதில்லை.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “நல்லா இருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்குதுங்க, முட்டி வலிதான் கொஞ்சம்” என்றார் கணவர், உள்ளறையிலிருந்து.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து, “பாத்தீங்களா...” என்று ஆரம்பித்தார்.

“பாத்தீங்களா இந்த மனுசனைங்கறா” என்று உள்ளிருந்து குரல் முடித்து வைத்தது.

“அதைச் சொல்ல வரலை. காப்பி குடிக்கறீங்களா, டீ குடிக்கறீங்களான்னு கேக்க வந்தேன்” என்றார் அந்த அம்மாள். உள்ளே கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “டீ” என்று வந்தது. அது என் பதில்.

அவர் எடுத்துக் கொடுத்ததில் பிழையானவை உண்டு. ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சியில், பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்க, மாப்பிள்ளைப் பையன் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்வரிசையிலிருந்து “பிடிச்சிருக்குதுங்க” என்று வந்தது. எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். அந்தப் பையனுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனே என்னிடம் சொன்னான்: “ஒரு வாரம் டைம் கேக்கலாம்னு இருந்தனுங்க. என்ன பண்றது, நல்லாத்தான் இருக்கறோம்.”

பிழையில்லாததும் ஒன்று உண்டு. என் மனைவி இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், நான் பேசுவேன் என்று பார்த்திருந்தார்கள், நான் பேசவில்லை, எழுந்து போனார்கள். இவர் வந்தார். நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “திடீர்னுங்களா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “திடீர்னுதான். காலைல கோலம் போட்டாங்களாம்” என்று அவரே சொல்லிக்கொண்டார். “புள்ளைங்க வந்துட்டாங்களா? வந்துட்டாங்க. நீங்க சாப்பிட்டீங்களா? எங்க சாப்பிடறது.” இப்படியே ஒரு மணி நேரம். என் பங்கையும் அவர் பங்கையும் சேர்த்துப் பேசிவிட்டு, “செரி, போய்ட்டு வாரனுங்க” என்றார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அது.

நாடகத்துக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு நான் மோகனூரிலேயே தங்கிவிட்டேன். ஓய்வுபெற்ற தாசில்தாரை ஊர் சும்மா விடாது. ஏதாவது ஒன்றுக்குத் தலைவராக்கிவிடும். என்னை நாடகக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். நாடகம் எப்போதும் ஒரே நாடகம்தான். மறைந்துபோன உள்ளூர் வாத்தியார் ஒருவர் எழுதியது. சிறு கோட்டை ஒன்றின் ராஜாவிடம், பெரிய நாட்டுத் தூதன் வந்து கப்பம் கேட்கிறான். ராஜா தரமாட்டேன் என்கிறார். இதைச் சொல்ல அவருக்கு ஏறக்குறைய இரண்டு பக்கம் தேவைப்படுகிறது. அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் கூட்டம் வருகிறது.

ராஜா வேஷம் கட்டுபவர் மருந்துக்கடைக்காரர். ஆறடி உயரம், இடிக்குரல். கிரீடம் அவர் தலைக்கென்றே செய்ததுபோல் உட்காரும். அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நவீனச் சிறுகதை எழுதுவார். சிறுபத்திரிகைகளில் வரும். ஊரில் அதைப் படித்தவர்கள் இரண்டே பேர், நானும் பத்திரக்காரரும். நான் படிப்பதற்குக் காரணம் ஓய்வு. அவர் படிப்பதற்குக் காரணம், கதையில் நிறைய இடங்களில் மூன்று புள்ளி வைத்து வாக்கியம் நின்றிருக்கும்.

ஒரு கதை இந்த ராஜாவைப் பற்றியே வந்தது. தூதன் கேட்கிறான். ராஜா பேசவில்லை. மீசையின் பசை அரிக்கிறது. சிம்மாசனத்தின் பின்புறம் பிஸ்கட் அட்டைப்பெட்டி தெரிகிறது. ஒரு பல்லி. ராஜா இன்னும் பேசவில்லை. ஆறு பக்கம் கழித்துக் கதை முடிந்துவிடுகிறது.

சரித்திர நாடகம் சிம்மாசனத்தை முன்னாலிருந்து பார்க்கிறது. நவீனக் கதை அதையே சுற்றிப்போய்ப் பின்னாலிருந்து பார்க்கிறது. நாடகத்தில் ராஜா பேசிக்கொண்டே இருப்பார், வேறொன்றும் செய்யமாட்டார். கதையில் பேசவும் மாட்டார். இதை முன்னேற்றம் என்று விமரிசகர்கள் சொல்வார்கள்; நான் ஆட்சேபிக்கவில்லை. நம்மவர் மட்டும் இரண்டுக்கும் இடையில், பக்கவாட்டில் நின்றிருந்தார். அவருக்கு அங்கிருந்து முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும்.

கதையில் அவரும் இருந்தார். ‘படுதாவுக்குப் பின்னால் முகமில்லாத ஒரு குரல் இருந்தது’ என்று ஒரு வரி. பத்திரிகையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டார். நான் இரத்த அழுத்த மாத்திரை வாங்க நின்றிருந்தேன்.

“ஏந் தம்பி, இது நாந்தானுங்களே?”

மருந்துக்கடைக்காரர் முகம் வெளுத்தது. “அண்ணா, கதைங்ணா. முகமில்லைன்னா அது ஒரு குறியீடு...”

“முகத்தை வுடுங்க. முகத்தை வெச்சு எனக்கென்ன ஆகோணும்? இங்க பாருங்க. ராஜா ஆறு பக்கம் வாயே தொறக்கலை. அந்தக் குரலும் சும்மா நிக்குது. நான் இருந்தா வுட்டிருப்பனா?”

“அது மௌனங்ணா. அதுதான் கதையே.”

“மறந்து போய் நிக்கறவனைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கறதுக்குப் பேரு கதைங்களா? பெரிய பாவமுங்க அது. நான் எழுதிட்டு வந்திருக்கறேன் பாருங்க.” ஓரங்களில் பென்சிலால் வசனம் முழுவதையும் எழுதியிருந்தார். மூன்று புள்ளி வந்த இடமெல்லாம் நிரம்பியிருந்தது. பல்லி இருந்த இடத்தில்கூட, ‘யாரங்கே’ என்று எழுதியிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து வந்த மாசியில்தான் நடிகர்களுக்குச் சட்டையில் மாட்டும் காலர் மைக் வாங்கினோம். அதுவரை மேடை நடுவே தொங்கும் மைக்குக்குக் கீழே போய் நின்று பேசுவார்கள். தட்டியோரக் குரல் அதற்கு எட்டாது. காலர் மைக் ராஜாவின் நெஞ்சோடு நடந்தது. அவர் தட்டிப்பக்கம் வந்தபோதெல்லாம் பிராம்ட்டர் குரலையும் வாரிக்கொண்டது. திடல் முழுக்க முதலில் ஒரு கிசுகிசுப்பு, ‘தூதரே, கேளும்’. பிறகு ஓர் இடி, ‘தூதரே, கேளும்!’ ஒரு தூதனுக்கு இரண்டு ராஜாக்கள். உச்சக்கட்டத்தில், “மீசை... தம்பி, மீசை தொங்குது” என்று ஒலிபெருக்கி சொன்னதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா கப்பம் மறுத்ததை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டு ஒத்திகை தொடங்குமுன் மருந்துக்கடைக்காரர் குழுவில் ஒரு கோரிக்கை வைத்தார். பிராம்ட்டர் வேண்டாம். காரணம் ஒன்று, மைக். காரணம் இரண்டு, கப்பக் காட்சியில் ராஜா பேசப்போவதில்லை. தூதன் கேட்டதும் ஒரு நிமிடம் மௌனமாக அவனைப் பார்த்துவிட்டு, திரும்பி நடப்பார். நவீனமாக இருக்கும்.

பத்திரக்காரருக்கு விஷயம் போய்விட்டது. காலையிலேயே என் வீட்டு வாசலில் நின்றார். முதல்முறையாக அவருக்கு வார்த்தை வரவில்லை. “சார், அந்த எடம்...” என்றார், நின்றார். எடுத்துக் கொடுக்க ஆளில்லை. தட்டிக்குப் பின்னால் அந்த ஒரு முழ இடம் போய்விட்டால் அந்த மனிதருக்கு ஊரில் உரிமையோடு பேசுவதற்கு வேறு இடம் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற இடங்களில் அவர் பேசியதெல்லாம் ஆக்கிரமிப்பு. அது ஒன்றுதான் பட்டா நிலம்.

முறைப்படியே செய்தேன். இருதரப்புக்கும் சொல்லி அனுப்பி, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. மருந்துக்கடைக்காரர் குழுச் செயலாளர். தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நாற்காலியை மாற்றி உட்கார வைத்தேன். பொருளாளரான மாவுமில்காரர் மட்டும் என் பக்கத்தில்.

“ஏனுங்ணா, உங்க மேல எனக்கு வருத்தமே இல்லீங்ணா. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் அந்த மேடை சும்மா இருக்கோணும். உங்களால முடியுமா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“முடியாதுன்னுதான் சொல்லுவாரு” என்றார் மாவுமில்காரர்.

“நீங்க எடுத்துக் குடுக்காதீங்க” என்றார் பத்திரக்காரர், கோபமாக. கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “முடியுமுங்க” என்றார்.

நான் உத்தரவு சொன்னேன்: பிராம்ட்டர் வழக்கமான இடத்தில் நிற்கலாம். மற்றக் காட்சிகளில், ராஜா தட்டியை விட்டுத் தள்ளி நின்றால் மட்டும் குரல் கொடுக்கலாம். கப்பக் காட்சியில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அதோடு அந்த இடம் ரத்து. உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்க்கத் தலைவர் பக்கத்திலேயே நிற்பார்.

ஆகவே நாடகத்தன்று பொழுது சாயும் நேரத்தில், தட்டிக்குப் பின்னால் அவரோடு நானும் நெருக்கியடித்து நின்றிருந்தேன். திடல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கிழவிகள், பின்னால் டிராக்டர் டிரெய்லர்களின் மேல் குடும்பம் குடும்பமாக ஆட்கள்.

கப்பக் காட்சி. தூதன் வேஷம், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியின் மெக்கானிக் ஒருவருக்கு. விறைப்பாக நின்று கேட்டார்: “கடைசியாகக் கேட்கிறேன். கப்பம் கட்டுவீரா, மாட்டீரா?”

ராஜா எழுந்தார். எங்கள் தட்டிக்கு நான்கடி தள்ளி வந்து நின்றார். பேசவில்லை.

நான் பக்கத்தில் பார்த்தேன். நம்மவர் துண்டை உருட்டி வாயில் திணித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை என் முழங்கையைப் பிடித்தது. அந்தப் பிடி இரண்டு நாள் வலித்தது.

திடலில் ஒரு பிள்ளை இருமியது. ராஜா பேசவில்லை. நியாயமாகச் சொன்னால், நன்றாகவே இருந்தது. அந்தக் கதை எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

முன்வரிசைக் கிழவி ஒருத்திக்குப் புரியவில்லை. அவள் கண்ணுக்கு அது மௌனமாகத் தெரியவில்லை, மறதியாகத் தெரிந்தது. “ஐயோ பாவம், மறந்துபோச்சாட்டம் இருக்குது சாமி” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். பிறகு கையை வாயோரம் குவித்து, மேடைக்குக் கேட்கும்படி, “தூதரே, கேளும்!” என்றாள்.

பத்துப் பேர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்கள். அதற்கு அடுத்ததை நூறு பேர். வருடா வருடம் கேட்ட வசனம்; பால் கறக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சொல்லிப் பார்த்த வசனம். பிறகு திடலே சொன்னது. டிரெய்லர்மேல் நின்றவர்கள் கையை நீட்டி நீட்டிச் சொன்னார்கள். மலையும் ஆறும் மானமும் என்று ஏறிக்கொண்டே போகிற அந்த இரண்டு பக்கத்தையும் ஓர் எழுத்து விடாமல், கப்பம் இல்லை என்ற முழக்கம்வரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராஜா கிரீடத்தோடு, வாய் பிளந்து நின்றிருந்தார். நம்மவர் கண்ணிலிருந்து நீர் துண்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வழக்கமாக அந்த முழக்கத்தோடு விசில் கிளம்பும், மணி அடிக்கும், திரை விழும். அன்று விசிலடிக்க ஆளில்லை. எல்லோரும் பேசிக் களைத்திருந்தார்கள். மணிக்காரரும் கூட்டத்தோடு சேர்ந்து கத்திவிட்டு மணியை மறந்திருந்தார். திடல் அப்படியே நின்றது.

பிராம்ட்டர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். என் காதுக்குள் மட்டும் சொன்னார்: “சார், இன்னும் ஒரு வரி இருக்குதுங்க.”

“எனக்குத் தெரியாத வரியா?”

“யாருக்கும் தெரியாதுங்க. வருசா வருசம் விசில்ல போயிருமுங்க. ஒத்திகையிலயும் அதுக்கு முந்தியே நிறுத்தீருவாங்க. வாத்தியார் எனக்குச் சொல்லிக் குடுத்தது.”

ராஜா தட்டிப்பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் நவீனம் எதுவும் மிச்சமில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாத மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார்.

குழுவின் உத்தரவைக் குழுதான் மாற்றலாம். உறுப்பினர் ஒருவர் மேடையில் கிரீடத்தோடு இருந்தார். இன்னொருவர் ஜெனரேட்டர் பக்கம் போயிருந்தார். அவசர நிலையில் தலைவர் தனித்து முடிவெடுக்கலாம். பிறகு ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

“சொல்லுங்க” என்றேன்.

அவர் தொண்டையைச் சரிசெய்துகொள்ளக்கூட இல்லை. ராஜாவின் குரலைப் போடவும் இல்லை. பத்திரம் படித்துக் காட்டும் அதே தணிந்த குரல். காலர் மைக் அதை வாங்கிக்கொண்டது. வேப்பமரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் ஆற்று மணல்வரை அதைக் கொண்டுபோயின.

“நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கிறீர், தூதரே. சாப்பிட்டுவிட்டுப் போம்.”

தூதன் தட்டியைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார், மறுபடி தட்டியைப் பார்த்தார். அவருக்கு இதற்குப் பதில் வசனம் கிடையாது, வாத்தியார் எழுதவில்லை. அந்த மெக்கானிக் வாளைக் கைமாற்றி, தலைப்பாகையைக் கழற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“செரிங்க” என்றார்.

அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டாரோ என்று பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். உதடு ஒட்டியே இருந்தது.